கேட்டதற்கு மேலே கொடுத்த விலை

பெயர் ஜஹபர் நிஷா, வயது 47, காலஞ்சென்ற அன்வருதீன் மனைவி, முல்லா வீதி, புதுச்சேரி. தொழில் பழைய வாத்தியங்கள் வாங்கி விற்பது, கச்சேரிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்.

நான் மேலே சொன்ன முகவரியில் கீழே கடையும் மாடியில் வீடுமாக இருந்து வருகிறேன். வீராம்பட்டினத்தைச் சேர்ந்த ரஞ்சிதம் என்பவரைக் காணவில்லை என்பது பற்றியும், அவருடைய மகள் வினோதாவை நான் என் வீட்டில் அடைத்து வைத்திருப்பதாக ரஞ்சிதத்தின் கணவருடைய அண்ணன் கிருஷ்ணசாமி கொடுத்துள்ள புகார் பற்றியும், உதவி ஆய்வாளர் செந்தமிழ்ச்செல்வி மேடம் என்னை நிலையத்துக்கு வரவழைத்து விசாரித்தார். நான் பேசுகிறபடியே எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மேடம் சரி என்றார். அதன்படி சொல்கிறேன்.

மேற்படி ரஞ்சிதம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். பல வருடமாக அவரிடம்தான் நான் மீன் வாங்குகிறேன். அவருக்கும் வாய் நீளம், எனக்கும் வாய் நீளம். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லி நான் கேட்பேன், உனக்குக் கண்ணாடி வாங்கித் தரவா அக்கா என்று அவர் கேட்பார். ஐம்பது ரூபாய்க்குப் பத்து நிமிடம் சண்டை போட்டு வாங்கினால்தான் எனக்கு அந்த மீன் ருசிக்கும். அவருடைய கணவர் முத்து கடல் தொழிலும் பார்த்துக்கொண்டு கல்யாண பேண்டில் டிரம்மும் வாசித்தவர். போன வருடத்துக்கு முந்தின வருடம் படகிலேயே நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார். ஒரே மகள் வினோதா, வயது பத்தொன்பது, நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள்.

இந்த வருடம் ரம்ஜான் முடிந்த கொஞ்ச நாளில் ரஞ்சிதம் மீன் கூடையோடு என் கடைக்கு வந்து, "அக்கா, எங்க வீட்டுக்காரர் டிரம்செட் பரண்ல கிடக்குது, எலி பூந்து குடும்பம் நடத்துது. மூவாயிரம் குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போ, பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்" என்றார். அதன் பிறகு மறுநாள் மதியம் நான் ஆட்டோ பிடித்து வீராம்பட்டினம் போனேன். ரஞ்சிதம் பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். பெரிய டிரம் ஒன்று, மூன்று காலில் நிற்கிற டிரம் ஒன்று, சின்னது இரண்டு. ஈரத் துணியால் துடைத்தேன். மரத்தைச் சுற்றி ஒட்டியிருந்த, சிப்பி மாதிரி மினுங்குகிற நீல ஒட்டு அப்படியே இருந்தது. செல்போன் வெளிச்சம் போட்டு உள்ளே பார்த்தேன். நாலிலும் பிரான்ஸ் கம்பெனியின் காகித முத்திரை கிழியாமல் இருந்தது, அறுபதுகளில் செய்தது. எல்லாம் ஒரே செட், ஒரு திருகாணிகூட மாற்றவில்லை. இங்கே இருந்த ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு பாரிசுக்குப் போகும்போது முத்துவுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். இப்படி ஒரு செட்டை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மூவாயிரத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் இன்றைக்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டாய் என்று இங்கே ஒரு போலீஸ்காரர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் எங்கள் கடையில் அந்தப் பழக்கம் இல்லை. என் வீட்டுக்காரர் சாமான் வாங்கும்போது ஒன்று பார்ப்பார். வித்தவன் நாளைக்கே நம் கடைக்கு வந்து, அதே சாமானை நாம் போட்டிருக்கிற விலையோடு பார்த்தால் அவனுக்கு வயிறு எரியக் கூடாது. எரியாத விலை எதுவோ அதுதான் விலை. விவரம் தெரியாதவர்களிடம் அமுக்கி வாங்கிய காசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்பார். அவர் மௌத்தான பிறகு நானும் அப்படித்தான் வாங்குகிறேன். அதனால் நான் ரஞ்சிதத்திடம், "மூவாயிரமாவது மண்ணாவது, இத நான் வெளிநாட்டுக்காரங்களுக்கு ரெண்டு லட்சத்துக்கு விப்பேன். ரிப்பேர், பார்சல் செலவு, என் லாபம் போக உனக்கு ஒண்ணேகால் லட்சம் தரேன்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. மீனுக்கு என்னோடு அந்தச் சண்டை போடுகிறவர், என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். அதன் பிறகு, "நான் கேட்டதுக்கு மேல நீயா ஏன் ஏத்துற?" என்று கேட்டார். குரலில் சிரிப்பே இல்லை.

அப்போது வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த கிருஷ்ணசாமி ஊசியை வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவரை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். அறுபது வயது இருக்கும், மரியாதையாகப் பேசுகிற மனிதர், சத்தம் உயர்த்தவே மாட்டார். பாயம்மா டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்து, டிரம்மின் காற்றுத் துளையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு வயிற்றுப் பக்கம் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். நாலையும் அப்படிக் கேட்டார். எனக்கு ஏன் என்று தெரியவில்லை, உடனே அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் போல இருந்தது.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். கரையில் மீன் ஏலம் விடும்போது எதிரே இன்னொருவன் கூட்டிக் கேட்டால்தான் ஒருவன் விலை ஏற்றுவான். எதிரே ஆளே இல்லாமல் ஒருவன் தான் கேட்ட விலையைத் தானே ஏற்றினால், கூடையில் மற்றவர்கள் பார்க்காத எதையோ அவன் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். உடனே ஏலத்தை நிறுத்தி, கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பார்களாம். கூறல் என்று ஒரு கத்தாழை மீன் இருக்கிறது. பார்க்கச் சாதாரண மீன், ஆனால் அதன் வயிற்றில் இருக்கிற நெட்டி என்ற காற்றுப்பை வெளிநாட்டுக்குப் போகிறது, பெரிய மீன் என்றால் அது மட்டும் லட்சக்கணக்கில் போகும். அது தெரியாமல் ஐநூறுக்குக் கொடுத்துவிட்டு வாழ்நாளெல்லாம் புலம்பியவர்கள் அங்கே இருக்கிறார்கள். கிருஷ்ணசாமியும் ஒருவர் என்று ரஞ்சிதம் பிறகு சொன்னார். ஆகவே ஒரு பழைய சாமானுக்கு ஒருத்தி தானாக லட்சம் தருகிறேன் என்றால், விலை சாமானுக்கு இல்லை, வயிற்றுக்குள் இருப்பதற்கு என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது எனக்கு அப்போது தெரியாது.

அதன் பிறகு மூன்றாம் நாள் பணத்தோடும், சுப்பிரமணியனின் குட்டியானை வண்டியோடும் போனேன். மூன்று கால் டிரம் வீட்டு வாசலில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. தோலைக் கிழித்து, வளையத்தைக் கழற்றி, மரத்தை ரம்பம் போட்டு அறுத்திருந்தார்கள். நீல ஒட்டு செதில் செதிலாகத் தரையில் கிடந்தது. கிருஷ்ணசாமி பக்கெட் தண்ணீரில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில், "அறிவு இருக்காய்யா உனக்கு, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க" என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "உள்ள ஒண்ணும் இல்ல பாயம்மா" என்றார். டிரம்முக்குள் காற்றைத் தவிர என்ன இருக்கும் என்றேன். அவர் ரஞ்சிதத்தைப் பார்த்து, "அதான், யாரோ முன்னாடியே எடுத்துட்டாங்க" என்றார். இதை வண்டிக்கார சுப்பிரமணியனும் கேட்டார், அவரை விசாரித்தால் சொல்வார்.

ஒன்று உடைந்த பிறகு செட்டுக்கு அந்த விலை இல்லை. ஆனாலும் எண்பதாயிரம் ரொக்கமாக ரஞ்சிதத்தின் கையில் கொடுத்து, மற்ற மூன்றையும் உடைந்த துண்டுகளையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். கிருஷ்ணசாமி பணத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எண்பதாயிரம் அவர் கண்ணுக்குச் சில்லறையாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு பத்துப் பதினைந்து நாள் ரஞ்சிதம் மார்க்கெட்டுக்கு வரவில்லை. ஒரு நாள் கடைக்கு வந்தார், கூடை இல்லை, ஆள் பாதியாக இளைத்திருந்தார். முத்து டிரம்முக்குள் தங்கக் கட்டி ஒளித்து வைத்திருந்தான், பெண்டாட்டி அதை எடுத்துக்கொண்டு வெறும் கூட்டை விற்றுவிட்டாள் என்று ஊரில் பேச்சு பரவிவிட்டதாகவும், படகுக்காரர்கள் மீன் கொடுப்பதில்லை என்றும், தன் மூத்தார் கிருஷ்ணசாமி தன் வீட்டு அடுப்படியைக் கடப்பாரையால் தோண்டிவிட்டதாகவும், வினோதாவின் சின்ன வயசு உண்டியலைக்கூட உடைத்துப் பார்த்ததாகவும் சொன்னார். போலீசுக்குப் போ என்றேன். "போனா ஊரை விட்டுத் தள்ளி வச்சிருவாங்க அக்கா, அப்புறம் நான் எங்க போறது?" என்றார். அதன் பிறகு ஒரு மஞ்சப் பையை மேசை மேல் வைத்து, "உன் பணம் அப்படியே இருக்குது. எடுத்துக்கோ. நான் கேட்ட மூவாயிரத்தை மட்டும் குடு. ஊருக்கு வந்து விலை தப்பாப் பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் பொழச்சுப்பேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. நியாயமான விலை கொடுத்தவள், நியாயம் இல்லாத விலையைக் கொடுக்கிறேன் என்று ஊர் முன்னால் போய் நிற்க வேண்டுமா, என்னைப் பற்றி நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவரிடமே கத்தினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் விற்கிறவர் கை, அப்படி ஒரு சொரசொரப்பு. சரி வரேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கத்தில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நானும் ரஞ்சிதமும் நின்றோம். நான், "எனக்கு விலை தெரியல, மூவாயிரம் சாமான்தான், தப்பா குடுத்துட்டேன்" என்று சொன்னேன். பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்க மூவாயிரத்தைக் கொடுத்தேன். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு மூச்சு வந்தது போல ஆகிவிட்டது. ஒருவர் சிரித்துக்கொண்டே, ஓட்டை டிரம்முக்கு லட்சமா என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், ரஞ்சிதமும் சிரித்தார். முடிந்துவிட்டது என்றே நானும் நினைத்தேன்.

அப்போது கிருஷ்ணசாமி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாக, "அப்படின்னா நல்லதாப் போச்சு. என் தம்பி ஞாபகமா அந்த டிரம்மை நானே வச்சிக்கிறேன். பாயம்மாவுக்கு மூவாயிரத்துக்கு ஐயாயிரமா தரேன், நாளைக்கு கொண்டாந்து போட்டுடட்டும்" என்றார்.

பாரிசில் ஒருவர் அந்த மூன்றையும் வாங்கிக்கொள்வதாக முன்பணம் அனுப்பியிருந்தார். சரி என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும், முன்பணத்தை நான் திருப்பி அனுப்பிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் நின்றேன், யோசித்தேன், அதன் பிறகு, "அட்வான்ஸ் வாங்கிட்டேனே" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "மூவாயிரம் ரூவா சாமானுக்கு பாரிஸ்ல இருந்து அட்வான்ஸா" என்று கேட்டுவிட்டு கிருஷ்ணசாமி உட்கார்ந்துவிட்டார். பஸ் ஸ்டாப் வரை ரஞ்சிதம் என் கூட வந்தார். "உனக்குப் பொய் சொல்ல வரல அக்கா" என்றார். திட்டவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. அந்தப் பையில் இருப்பது வினோதாவின் படிப்புக்கு, நீயே நேரே காலேஜில் கட்டிவிடு, என் கையில் கொடுக்காதே, எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை என்று சொல்லிவிட்டு, பஸ் வரும் முன்பே திரும்பி நடந்தார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அதன்படி மறுநாளே காலேஜுக்குப் போய் அவளுடைய இந்த வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் கட்டணம் கட்டிவிட்டேன். அதன் பிறகு ஒரு வாரத்தில் கிருஷ்ணசாமி பெரியப்பா என்று சொல்லிக்கொண்டு அதே காலேஜுக்குப் போய், ஃபீஸ் பாக்கி எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். பாக்கி இல்லை, ஜஹபர் நிஷா என்பவர் கட்டியிருக்கிறார் என்று ஆபீசில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கேட்டவருக்குப் பதில் சொன்னார்கள். ஆனால் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மூவாயிரம் கொடுத்தவள் எதற்காக அடுத்த வருடத்துக்கும் ஃபீஸ் கட்டுகிறாள் என்று அவர் யோசித்திருப்பார். நானே அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் யோசிப்பேன்.

போன சனிக்கிழமை விடியற்காலை மீன் எடுக்கத் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போன ரஞ்சிதம் வீடு திரும்பவில்லை என்று கிருஷ்ணசாமி சொல்கிறார். படகுக்காரர்கள் மீன் தருவதில்லை என்று ஊருக்கே தெரியும்போது அவர் எதற்குத் துறைமுகத்துக்குப் போகிறார் என்று நான் கேட்கிறேன். கூடை வீட்டிலேயே இருந்தது என்று பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் வினோதாவுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். போன் சுவிட்ச் ஆஃப். ஞாயிற்றுக்கிழமை வினோதா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். அம்மாவைக் காணோம் என்றாள், பெரியப்பா ஹாஸ்டல் வாசலில் நிற்கிறார், வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார் என்றாள். நீ வெளியே வராதே என்று சொல்லிவிட்டு நான் பின் வாசலுக்குப் போய், வார்டனிடம் எழுதிக் கொடுத்து, அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அடைத்து வைக்கவில்லை. அவள் மேஜர். மாடி அறைக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள், அதைப் போடுகிறவளும் அவள்தான்.

தேதி, நேரம் எல்லாம் கேட்ட மேடம், சந்தேகம் யார் மேல் என்றும் கேட்டார். நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன். ரஞ்சிதம் காணாமல் போய் இன்றோடு அஞ்சு நாள் ஆகிறது. கிருஷ்ணசாமி துறைமுகத்தில் போய்த் தேடவில்லை, ஆஸ்பத்திரியில் விசாரிக்கவில்லை, படகில் போய்ப் பார்க்கவில்லை. ஒரு டிரம்மை அறுத்துப் பார்த்தவர், அடுப்படியைத் தோண்டிப் பார்த்தவர், உண்டியலை உடைத்துப் பார்த்தவர், ஒரு பெண் பிள்ளையைக் காணவில்லை என்றால் தேடாமல் இருக்கிறார். ரஞ்சிதம் எங்கே என்று என்னிடம் ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. இன்று காலை நான் உள்ளே வரும்போது நிலையத்து வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். வணக்கம் பாயம்மா என்றார். "வினோதா கிளம்பிட்டாளா?" என்று கேட்டார். நான் நிற்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

பாரிசுக்காரருக்கு முன்பணத்தைத் திருப்பிவிட்டேன். மூன்று டிரம்மும் கடையில் இருக்கின்றன. அவற்றை எடுத்து வந்து இந்த நிலையத்து வாசலிலேயே வைத்து அறுத்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். அறுத்தால் வெறும் காற்றுதான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்தும் அவர் நம்ப மாட்டார். ஒரு இடத்தில் இல்லை என்றால் அடுத்த இடத்தில் இருக்கும் என்பதுதான் அவர் கணக்கு. டிரம்மில் இல்லை, வீட்டில் இல்லை, ரஞ்சிதத்திடமும் இல்லை. பாக்கி இருப்பது அந்தப் பெண் ஒருத்திதான். உறவுக்காரர் கேட்கிறார், அனுப்பிவிடுங்கள் என்று மேடம் சொல்கிறார். நான் அனுப்ப மாட்டேன். என் மேல் எந்தக் கேஸ் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், கூட்டாமல் குறைக்காமல் இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை, எல்லாம் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்) ஜஹபர் நிஷா

எழுதிக்கொண்டவர்: செந்தமிழ்ச்செல்வி, உதவி ஆய்வாளர்.

கையெழுத்துப் போட்ட பின் வாக்குமூலம் கொடுத்தவர் கேட்டுக்கொண்டபடி, அவர் வீடு போய்ச் சேரும் வரை புகார்தாரர் கிருஷ்ணசாமியை நிலையத்தில் இருத்தி வைக்கச் சொல்லி வராந்தாவுக்கு ஆள் அனுப்பப்பட்டது. பெஞ்சில் அவர் இல்லை. வினோதா தனியாக இருக்கும் முல்லா வீதி வீட்டுக்கு ரோந்து வண்டி அனுப்பப்பட்டுள்ளது.